கூட்டுத் துயரும் கூடிப் பாடலும்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் பாடகர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

வெள்ளிவிழா மேடையில் சாவையும் ஒப்பாரியையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே எங்கள் துணிவு. பங்கு அலுவலக அலமாரியைத் திறந்தால் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கும் அதே தட்டில் அடக்கப் பதிவேடும் இருக்கிறது. திருமணத்திற்கு வாசிக்கும் அதே ஆர்மோனியந்தான் அடக்கத்திற்கும் வாசிக்கிறது. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் என்னும் புலவர் இந்த உண்மையைத்தான் கண்டார். ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தற்பறை. இன்னொரு வீட்டில் மணமுழவு. உலகம் அன்றும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஆகவே விழாவுக்குரிய பாட்டைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். துக்கத்திற்குரிய பாட்டைப் பற்றி நாம் சிறிது நேரம் சிந்திப்போம்.

ஒரு வீட்டின் துயரம் வேறு, ஊரே அழும் துயரம் வேறு. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அண்டை வீட்டார் சோறாக்கிக் கொண்டு வருவார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், அழுது களைத்தவளை மடியில் சாய்த்துக்கொள்வார்கள். ஆனால் அண்டை வீட்டிலும் அதே நாளில் சாவு என்றால்? தேற்ற வேண்டியவரே தேற்றப்பட வேண்டியவராக இருந்தால் யார் யாரைத் தாங்குவது? அந்த வேளையில் எல்லாரையும் ஒருசேரத் தாங்கக்கூடியது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. நாம் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றே. அழுகையைப் பகிர்ந்து கொடுக்கும் பாத்திரம் பாட்டு. ஆனால் அந்தப் பாத்திரத்தைச் சாவு நடந்த அன்றைக்குப் போய் வனைய முடியாது. நல்ல நாளிலேயே வனைந்து, சுட்டு, வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

நம் சாலையின் துயரம்

நம் காவேரிப்பட்டினம் தென்பெண்ணைக் கரையில் அமைந்த ஊர். வயலும் மாந்தோப்பும் நமக்குச் சோறிட்டன. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பிறகு, பெங்களூர்ச் சாலை நமக்கு இரண்டாவது ஆறாக ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் அந்தச் சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள், சம்பளத்தோடு வருகிறார்கள். அந்தச் சாலை கொடுத்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே சாலை வழியாகத் துயரமும் வருகிறது.

2023-ஆம் ஆண்டு ஜூலை 29 சனிக்கிழமையன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கில் நேர்ந்த வெடிவிபத்தில் 9 பேர் மாண்டனர். சரியாகப் பத்தே வாரங்கள் கழித்து, அக்டோபர் 7-ஆம் நாள், அதுவும் ஒரு சனிக்கிழமை, ஓசூருக்கு அப்பால் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் இன்னொரு பட்டாசுக் கிடங்கு பற்றியெரிந்தது. 14 பேர் இறந்தனர். சிகிச்சை பலனின்றிப் பின்னர் மேலும் சிலர் இறந்தனர். மாண்டவருள் பலர் தீபாவளிச் சமயத்தில் கைக்காசு தேடி வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி மாவட்டத்து அம்மாபேட்டை என்னும் ஒரே ஊர், ஒரே நாளில் தன் பிள்ளைகள் பலரை இழந்தது.

எண்ணிப் பாருங்கள். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்ட பிள்ளைகள். மறுநாள் ஒரே தெருவுக்குள் அடுத்தடுத்து ஆம்புலன்சுகள். அமைச்சர்கள் வருகிறார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. எல்லாரும் போன பிறகு, இரவில், அந்தத் தெருவில் எஞ்சி நிற்பது என்ன? ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக எரியும் ஒரு விளக்கு. அந்த விளக்குகளை ஒரு வரிசையில் சேர்க்க மனிதன் கண்டுபிடித்த பழைய வழிகளில் ஒன்றுதான் கூடிப் பாடுதல்.

ஒப்பாரியின் ஒழுங்கு

படித்தவர்கள் சிலர் ஒப்பாரியை வெறும் கூச்சல் என்று எண்ணுகிறார்கள். கூர்ந்து கேட்டால் அதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்கிறார்கள். ஒருத்தி இறந்தவரை விளித்து, ஒப்புச் சொல்லி, அடியெடுக்கிறாள். அடியின் இறுதியில் குரல் நீண்டு இறங்கும்போது மற்றவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். முதலாமவள் மூச்சு வாங்குகிறாள். அடுத்த அடியை வேறொருத்தி எடுக்கிறாள். இப்படி மாறி மாறிப் பாடுவதால் அழுகை அறுபடுவதுமில்லை. அழுகிறவள் மூர்ச்சையாகி விழுவதுமில்லை. மூச்சைக் காப்பாற்றுகிற அழுகை அது.

இன்னொன்றையும் நம் தாய்மார்கள் அறிவார்கள். பிறர் வீட்டுச் சாவுக்குப் போகிறவள் அங்கே தன் வீட்டுச் சாவையும் சேர்த்தே அழுகிறாள். பத்து ஆண்டுகளுக்கு முன் போன தகப்பன், பச்சிளம் பருவத்தில் போன குழந்தை எல்லாரும் அந்த வட்டத்திற்குள் வந்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு வீட்டு ஒப்பாரி என்பதே உண்மையில் கிடையாது. ஒவ்வொரு ஒப்பாரியும் ஊர் ஒப்பாரிதான்.

நம் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து முடிந்து படுகளம் நடக்கும்போது, மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் ஒப்பாரி வைக்கும் வழக்கம் உண்டு. பதினெட்டு நாள் கதையில் வில்லனாக இருந்தவனுக்கும் அழுகை மறுக்கப்படுவதில்லை. வடதமிழ் மாவட்டங்களில் சாவு நடந்த வீட்டில் காரியத்தன்று ‘கர்ண மோட்சம்’ கூத்து நடத்துவதும் வழக்கம். கர்ணனின் சாவை விடிய விடியக் கண்டு அழுதவர்கள், தம் வீட்டுச் சாவை நேருக்கு நேர் பார்க்கும் வலிமை பெறுகிறார்கள். நம் ஊரிலேயே மயானக் கொள்ளை நாளில் பம்பையும் உடுக்கையும் முழங்க ஊரே சுடுகாட்டை நோக்கிப் போவதைப் பார்க்கிறோம். நமது சமய நெறி வேறு. ஆயினும் சாவின் இடத்திற்குத் தனியே போகாதே, கூட்டமாகப் போ, ஓசையோடு போ என்று நம் அண்டை வீட்டார் கண்டறிந்த பாடத்தை நாம் மதிக்க வேண்டும்.

இருபத்திரண்டு எழுத்துகள்

திருச்சபை இதில் எங்கே நிற்கிறது? உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் திருச்சபைத் தந்தையர்க்கு ஒப்பாரியின்மேல் ஐயம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் புனித கிறிசோஸ்தம் அருளப்பர், கூலிக்கு மாரடிப்பவர்களைக் கிறிஸ்தவர்கள் அழைப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். உயிர்ப்பில் நம்பிக்கையுள்ளவர்கள் நம்பிக்கையற்றவர்கள் போல் அழலாகாது என்பது அவர் கருத்து. ஆனால் அழுகையைத் திருச்சபை வெளியேற்றிவிடவில்லை. அதற்குச் சங்கீதங்களைக் கொடுத்தது. ஒரு வடிவம் கொடுத்தது.

விவிலியத்தில் உள்ள புலம்பல் ஆகமத்தைப் பாருங்கள். எருசலேம் நகரம் அழிந்தபோது ஒரு மக்களினம் முழுவதும் பட்ட துயரம் அது. அதன் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளை வரிசையாகப் பின்பற்றி எழுதப்பட்டவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். நம் மொழியில் சொன்னால், ‘அ’ முதல் தொடங்கி அழுது முடிப்பதைப் போல. ஏன் இப்படி? கரையில்லாத துயரத்திற்குக் கரை கட்டத்தான். முதல் எழுத்தில் தொடங்கினால் கடைசி எழுத்தில் முடித்தே ஆகவேண்டும். அதற்குமேல் எழுத்து இல்லை. எழுந்து முகம் கழுவ வேண்டும். ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்களே உள்ளன. ஆனால் எழுத்து வரிசை அங்கே இல்லை. ஒழுங்காக அழுது வந்தவனுக்கும் ஓரிடத்தில் வரிசை உடைந்துபோகிறது என்று அதற்கு நாம் பொருள் கொள்ளலாம்.

பழைய இலத்தீன் வழிபாட்டில் புனித வாரத்தின் இறுதி நாள்களில் இந்தப் புலம்பல்களை இராகத்தோடு பாடுவார்கள். ஆலேப், பேத் என்று அந்த எழுத்துகளின் பெயரையும் சேர்த்தே பாடுவார்கள். வழிபாட்டின் போது மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவார்கள். கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைத்துவைத்து, இறுதியில் திரும்பக் கொண்டுவருவார்கள். துக்கத்தையும் நம்பிக்கையையும் பிரசங்கம் இல்லாமலே மக்களுக்கு உணர்த்திய வழிபாடு அது.

தமிழிலும் இந்த மரபு வேர் பிடித்தது. கோவாவில் 1676-இல் பிறந்து, 1705-இல் இலங்கைக்கு வந்து, 1742-இல் அங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் ‘வியாகுல பிரசங்கம்’ இயற்றினார். ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய அந்நூலைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசித்து, கேட்பவர்கள் கண்ணீர் விடும் வழக்கம் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் தவக்காலத்தில் மாதாவின் துயரத்தைப் பாடிப் பழகியவர்களுக்கு, தங்கள் சொந்த வீட்டில் துயரம் வந்தபோது நாவும் நெஞ்சும் முன்பே பழகியிருந்தன. நல்ல நாளிலேயே வனைந்து வைத்த பாத்திரம் என்று நாம் சொன்னது இதைத்தான்.

பாட்டு செய்வதும் செய்யாததும்

பாட்டினால் உடம்பில் என்ன நடக்கிறது? 2013-இல் சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூடிப் பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். எல்லாரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் மூச்சு வாங்கிப் பாடும்போது, அவர்களுடைய இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் கண்டார்கள். தோளைப் பற்றிக்கொண்டு ஒப்பாரி பாடிய நம் பாட்டிமார்களுக்கு அந்தக் கருவி தேவைப்படவில்லை. ஆனாலும் அவர்கள் செய்தது மூடப்பழக்கம் அன்று என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, பாட்டு எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு நம்மைப் போலவே தொழிலை நம்பி வாழ்ந்த ஓர் ஊரின் கதை உதவும். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஆபர்ஃபான் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1966 அக்டோபர் 21 காலையில், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த மலை சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அநேகமாக ஊரின் ஒரு தலைமுறையே போய்விட்டது. வேல்ஸ் மக்கள் கோயிலில் கூடிப் பாடுவதில் பெயர் பெற்றவர்கள். அந்த ஊர் ஆண்கள் துயரத்தைப் பேசிப் பழகாத சுரங்கத் தொழிலாளிகள். ஆனால் பாடத் தெரிந்தவர்கள். அந்தப் பேரிழப்புக்குப் பின் அவர்கள் கூடி ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார்கள். இனிசோவென் ஆண்கள் பாடகர் குழு என்று அதற்குப் பெயர். வாரந்தோறும் ஒத்திகைக்கு வருவதே அவர்களுக்கு ஆறுதலாயிற்று. யாரும் யாரையும் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று பாடினால் போதும்.

ஆனால் அவ்வூர் மக்கள் பாடியதோடு நின்றுவிடவில்லை. விசாரணை வேண்டும் என்று நின்றார்கள். 1967-இல் விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இதை நாம் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். பாட்டு மயக்க மருந்தன்று. குடியிருப்புகளுக்கு நடுவே வெடிமருந்து ஏன் குவித்து வைக்கப்பட்டது, உரிமம் கொடுத்தவர்கள் எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்ற கேள்விகளை மூடி மறைக்கப் பாட்டு பயன்படுமானால், அந்தப் பாட்டை நாம் பாடவே வேண்டாம். நல்ல ஒப்பாரியில் எப்போதும் முறையீடு உண்டு. தெய்வத்தையும் கேட்கும், எமனையும் கேட்கும், வைத்தியம் பார்க்காத மைத்துனனையும் கேட்கும். புலம்பல் ஆகமமும் இறைவனிடமே வழக்காடுகிறது. அழுது முடித்தவனுக்கே நியாயம் கேட்கும் குரல் தெளிவாக எழும்.

நம் கடற்கரையிலும் இத்தகைய சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்கள் தம் மக்களை ஒன்றாக அடக்கம் செய்தன. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே கல்லறைகளுக்கு ஊர்வலமாகச் சென்று மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். நினைவுத் திருப்பலி நடக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளே அந்த நினைவு நாள். முதல் நாள் மகிழ்ச்சிப் பாட்டு, மறுநாள் துக்கப் பாட்டு. இரண்டையும் அதே நா பாடுகிறது.

பாட்டில்லாத அடக்கம்

பாட்டின் அருமை எப்போது தெரிந்தது? அது இல்லாமற்போனபோது தெரிந்தது. 2020, 2021 ஆண்டுகளின் கொரோனாக் காலத்தை நாம் யாரும் மறக்கவில்லை. அடக்கத்திற்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு கட்டுப்பாடு விதித்த காலம். தொற்றினால் இறந்தவர்களைப் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் சுமந்துபோய்ப் புதைத்தார்கள். நோயைத் தடுக்க அந்தக் கட்டுப்பாடு தேவைதான், குறைசொல்ல வரவில்லை. ஆனால் பாட்டில்லாமல், தோளில் சாய ஆளில்லாமல் போன அந்த அடக்கங்களின் துயரம் இன்னும் பல வீடுகளில் ஆறாமல் இருக்கிறது. “ஒரு பாட்டுப் பாடி அனுப்பியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்” என்று சொல்லும் தாய்மார்களை நம்மிடையே இன்றும் காண்கிறோம். அழாத அழுகை எங்கும் போய்விடுவதில்லை. உள்ளேயே தங்கிவிடுகிறது.

இப்போதோ தடை ஏதுமில்லை. ஆயினும் சாவு வீட்டில் பாட்டு குறைந்து வருகிறது. குளிர்ப்பெட்டி வந்தது, அதன் பக்கத்தில் ஒலிபெருக்கி வந்தது. பென்டிரைவில் பதிந்த பாட்டு இரவெல்லாம் தானே பாடுகிறது. மனிதர்கள் நாற்காலியில் அமர்ந்து செல்பேசியைப் பார்க்கிறார்கள். பதிவு செய்த பாட்டு இனிமையாக இருக்கலாம். ஆனால் அதற்கு மூச்சு வாங்காது. நம் மூச்சையும் அது கேட்பதில்லை. அடியெடுக்கவும் தாங்கிப்பிடிக்கவும் அங்கே நமக்கு இடமில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. சாவுக்குப் பறையடிக்கும் கடமையை நம் நாட்டில் ஒரு சாதியார் தலையில் கட்டி, அடித்தவர்களையே இழிவாக நடத்தினார்கள். அந்த இழிவை ஏற்க மறுத்துப் பலர் சாவுப்பறை அடிப்பதை நிறுத்தினார்கள். அது நியாயமே. இன்று அதே பறை மேடைகளில் மதிப்போடு ஒலிப்பதைக் கண்டு மகிழ்கிறோம். துக்கத்தைச் சுமக்கும் வேலையை ஒரு சாராரிடம் தள்ளிவிட்டு மற்றவர்கள் கைகட்டி நிற்பது பாட்டின் இயல்புக்கே விரோதம். ஊர் துக்கத்தை ஊர் முழுவதும் பாட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே இந்த வெள்ளிவிழா ஆண்டில் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அடக்கத்திற்குரிய பத்துப் பாட்டுகளையாவது பங்கு மக்கள் அனைவரும் புத்தகம் பார்க்காமல் பாடக் கற்றுக்கொள்வோம். பாடகர் குழு மட்டும் பாடி மற்றவர்கள் கேட்பதில் பயனில்லை. கண்ணீர் நிறைந்த கண்ணுக்குப் புத்தகத்து எழுத்து தெரியாது. நெஞ்சில் உள்ள பாட்டுத்தான் அப்போது வரும். கற்பிக்க நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம். சாவு வீட்டில் ஒலிபெருக்கியை ஒரு மணி நேரமாவது நிறுத்திவிட்டுச் சுற்றி அமர்ந்து பாடுவோம்.

இரண்டாவது, நம் மூதாட்டிகளிடம் உள்ள தவக்காலப் புலம்பல்களையும் ஒப்பாரிகளையும் இளைஞர்கள் எழுதி, ஒலிப்பதிவும் செய்து வைக்க வேண்டும். இது எல்லைப்புறப் பகுதி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் மண். எந்த மொழியில் இருந்தாலும் எழுதி வையுங்கள். மேடைக்காக யாரையும் பாடச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்று நினைக்கும் பாட்டிமார் உண்டு. அவர்கள் மனம் நோகாமல், இசையும் நேரத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நம் உறவினர் பெயர்களோடு, இந்தத் தொழிற்சாலைச் சாலையில் வேலைக்கு வந்து உயிர் நீத்த வெளியூர்த் தொழிலாளரையும் நினைவுகூருவோம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்தில் வாடகை அறையில் வாழ்கிறவர்கள் பலர். அவர்களில் ஒருவர் இறந்தால் உடல் ஊருக்குப் போய்விடுகிறது. உடன் தங்கியிருந்த தோழர்களின் துயரம் இங்கேயே தங்கிவிடுகிறது. அவர்கள் மொழியில் ஒரு பாட்டை அவர்களையே பாடச் சொல்லி, நாம் கூட நிற்போம். மொழி புரியாவிட்டால் என்ன? அடியின் கடைசியில் நீளும் குரலைத் தாங்கிக்கொள்ள மொழி வேண்டியதில்லை.

அன்பர்களே! இனி வரும் 25 ஆண்டுகளில் நம் பங்குக்குத் துயரமே வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வோம். ஆனால் வேண்டுதலோடு ஆயத்தமும் வேண்டும். வீட்டில் தீயணைக்கத் தண்ணீர் வைத்திருப்பவன் தீ வரவேண்டும் என்று விரும்புகிறவன் அல்லவே! வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கோயில் வளாகத்தில் முதல் பாடல் வகுப்பு நடைபெறும். குரல் நன்றாக இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். துக்கத்தில் பாடுவதற்கு நல்ல குரல் தேவையில்லை. கூட இருக்கும் குரல் போதும்.